கேமராவைத் துடைப்பதற்கு முன்: சென்னைக் காற்றில் வரும் கோளாறுகளும் அவற்றைத் தீர்க்கும் வழிகளும்

படத்தில் ஒரு புள்ளி தெரிந்தாலும், லென்ஸில் கொஞ்சம் மங்கல் தெரிந்தாலும், நம் கை உடனே துணியைத் தேடுகிறது. துணி கிடைக்காவிட்டால் சட்டை நுனி, துண்டு, முந்தானை. தயவுசெய்து அந்த ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ‘கொஞ்சம் பாருங்களேன்’ என்று என்னிடம் வந்த கேமராக்களில், தூசியால் கெட்டவற்றைவிட, தூசியை அவசரமாகத் துடைத்ததால் கெட்டவையே அதிகம்.

நான் இருப்பது திருவான்மியூரில். மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். ஜன்னல் கம்பிக்கு வருடம் தவறாமல் பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும் வீடு. இந்தக் காற்றில் 18 வருடமாகக் கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளிக்கரணைப் பறவைகள் என்று படம் எடுத்து வருகிறேன். அதில் கற்றுக்கொண்டதைக் கோளாறு வாரியாக எழுதுகிறேன். எந்தக் கோளாறானாலும் முதல் வேலை ஒன்றுதான்: குறை லென்ஸின் முன்பக்கத்திலா, பின்பக்கத்திலா, உள்ளேயா, படத்தைப் பதிவு செய்யும் சென்சாரிலா, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரிலா என்று கண்டுபிடிப்பது. அது தெரியாமல் எதையும் தொடக்கூடாது.

கையில் இருக்க வேண்டிய சாமான் அதிகம் இல்லை. கையால் அழுத்திக் காற்றடிக்கும் நல்ல ரப்பர் ப்ளோயர் ஒன்று, மென்மையான பிரஷ் ஒன்று, துவைத்துக் காயவைத்த மைக்ரோஃபைபர் துணி இரண்டு, லென்ஸ் திரவம் ஒரு சின்ன பாட்டில், ஒரு டார்ச். துணியை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். பேன்ட் பாக்கெட்டில் சாவியோடு கிடந்த துணி உப்புத்தாளுக்குச் சமம்.

வானத்தில் கருப்புப் புள்ளிகள்

மெரினாவில் விடியற்காலை எடுத்த படத்தில், வானத்தில் சாம்பல் நிறத்தில் உருண்டையாக நாலைந்து புள்ளிகள். ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில். இது அநேகமாகச் சென்சார் தூசி.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரமான அபெர்ச்சரை எஃப் 16 அல்லது 22-க்குச் சுருக்குங்கள். வெளிச்ச உணர்திறனான ஐ.எஸ்.ஓ. 100. ஃபோகஸை மேனுவலில் வைத்து முழுவதும் தப்பாகத் திருப்பிவிடுங்கள். வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ நோக்கி, கேமராவைக் கொஞ்சம் அசைத்துக்கொண்டே ஒரு படம் எடுங்கள். அசைந்ததில் சுவரின் அழுக்கெல்லாம் கலைந்துவிடும். சென்சார்மேல் இருப்பது மட்டும் கூர்மையாக நிற்கும். இப்போது லென்ஸை மாற்றி இன்னொரு படம். புள்ளி அதே இடத்தில் இருந்தால் சென்சார்தான், சந்தேகமே வேண்டாம்.

லென்ஸின் முன்கண்ணாடியில் இருக்கும் சின்னத் தூசி இப்படிப் புள்ளியாகத் தெரியாது என்பதைப் பலர் அறிவதில்லை. அது ஃபோகஸுக்கு வெகு தூரம் வெளியே இருப்பதால் கரைந்துவிடும். எஃப் 4-இல் காணாமல் போய் எஃப் 16-இல் தலைகாட்டும் புள்ளிக்காக முன்கண்ணாடியை எத்தனை முறை தேய்த்தாலும் பயனில்லை. அதேபோல, உள்ளே சாய்ந்த கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் வ்யூஃபைண்டரில் தெரிந்தும் படத்தில் வராத புள்ளி அந்தக் கண்ணாடிக்கு மேலே உள்ள ஃபோகஸிங் ஸ்கிரீனில் இருக்கிறது. அதனால் படத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. விட்டுவிடுங்கள். அந்த ஸ்கிரீனும், உள்ளே சாய்ந்து நிற்கும் கண்ணாடியும் துணி பட்டாலே கீறல் விழும் அளவுக்கு மென்மையானவை. வீட்டுக் கண்ணாடிக்கு ரசப்பூச்சு பின்னால் இருக்கும், கேமராக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கிறது.

சரி, சென்சார் தூசி என்று தெரிந்துவிட்டது. முதலில் கேமராவின் மெனுவில் உள்ள சென்சார் கிளீனிங்கை நாலைந்து முறை ஓட்டுங்கள். சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியை அதிவேகமாக அதிரவைத்துத் தூசியை உதறும் ஏற்பாடு அது. 2003-இல் வந்த ஒலிம்பஸ் ஈ-1 கேமராவில் தொடங்கி, இன்று பெரும்பாலான லென்ஸ் மாற்றும் கேமராக்களில் உண்டு. காய்ந்த தூசி இதிலேயே போய்விடும். நம் ஊரில் தூசி ஈரத்தோடு ஒட்டிக்கொள்வதால் எப்போதும் போவதில்லை.

அடுத்தது ப்ளோயர். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். டி.எஸ்.எல்.ஆர். என்றால் மெனுவில் கையால் சுத்தம் செய்யும் பகுதிக்குப் போய்க் கண்ணாடியைத் தூக்கி நிறுத்துங்கள். நடுவில் பேட்டரி தீர்ந்தால் கண்ணாடியும், சென்சாரை மறைக்கும் ஷட்டர் தகடுகளும் திடீரென்று மூடிக்கொள்ளும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் சில மாடல்கள் கேமராவை அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும். அந்தத் தகடுகளில் விரலோ ப்ளோயரோ படக்கூடாது. ஷட்டர் மூடியிருக்கும்போது பலமாகக் காற்றடிப்பதும் வேண்டாம். கேமராவின் வாயை, அதாவது லென்ஸ் மாட்டும் திறப்பை, தரையை நோக்கிப் பிடித்து, கீழிருந்து மேலாக ஊதுங்கள். ப்ளோயரின் நுனி லென்ஸ் மாட்டும் வளையத்தைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. ஊதுவதற்கு முன் ப்ளோயரையே நாலு தடவை வெறுமனே அழுத்தி அதன் தூசியை வெளியேற்றுங்கள்.

ஸ்ப்ரே டப்பாவில் வரும் அழுத்தக் காற்று வேண்டாம். அதிலுள்ள திரவம் தெறித்துச் சென்சார்மேல் படிந்தால் தூசியைவிடப் பெரிய வேலை. வாயால் ஊதுவது அதைவிட மோசம். எச்சில் திவலை ஒன்று போதும்.

ப்ளோயருக்கும் போகாத புள்ளி என்றால் ஈரத் துடைப்பு. இதை முதல் முறை தெரிந்தவர் ஒருவர் அருகில் இருக்கும்போது செய்யுங்கள். சென்சாரின் அளவுக்கேற்ற ஸ்வாப் என்னும் துடைப்புக் குச்சி வாங்க வேண்டும்: பெரிய சென்சாரான ஃபுல் ஃப்ரேமுக்கு 24 மி.மீ., அதைவிடச் சிறிய ஏ.பி.எஸ்.சி.க்கு 16 மி.மீ. இரண்டு மூன்று சொட்டுத் திரவம் விட்டுச் சில நொடிகள் ஊறவைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே இழுப்பு. ஸ்வாப்பைத் திருப்பி எதிர்த்திசையில் இன்னொரு இழுப்பு. அவ்வளவுதான், அந்த ஸ்வாப் குப்பைக்கு. ‘ஒன்று நூற்றைம்பது ரூபாய் ஆச்சே’ என்று அதையே மறுபடி இழுத்தால், முதல் தடவை எடுத்த மணல் துகளை இரண்டாம் தடவை கீறலாக எழுதிவிடும். நாம் துடைப்பது சென்சாரை அல்ல, அதன்மேல் உள்ள வடிகட்டிக் கண்ணாடியை. அது கீறிவிட்டால் மாற்றுவதற்கு ஆகும் செலவு பழைய கேமராவின் விலையைத் தாண்டக்கூடும்.

இந்த வேலையைச் செய்யும்போது ஃபேனையும் ஏ.சி.யையும் நிறுத்துங்கள். மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்தால் நெற்றி வியர்வை நேராகச் சென்சாரில் சொட்டும். நான் விடியற்காலை ஐந்து மணிக்குச் செய்கிறேன், தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு.

புள்ளி எங்கே இருக்கிறது என்று தேட ஒரு குறிப்பு: படத்தில் மேலே இடது மூலையில் தெரியும் புள்ளி, கேமராவை நேராக வைத்து முன்பக்கமாக உள்ளே பார்த்தால் கீழே இடது மூலையில் இருக்கும். மேல் கீழ் மட்டும்தான் மாறும்.

சுத்தம் செய்த பத்தே நாளில் புள்ளிகள் திரும்பிவிட்டால் லென்ஸின் பின்மூடியையும், பாடி என்னும் கேமரா உடலின் மூடியையும் பாருங்கள். பையின் அடியில் கிடந்து பஞ்சையும் மண்ணையும் சேர்த்துக்கொண்டு அவைதான் உள்ளே தூசியைத் தருகின்றன. சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். பல பேருக்கு இதிலேயே பாதித் தொல்லை தீர்ந்திருக்கிறது. லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடிப்பது மீதியைத் தீர்க்கும்.

ஏ.சி.யிலிருந்து வெளியே வந்ததும் எல்லாம் வெள்ளையாகிறது

சென்னையில் கல்யாணப் படம் எடுப்பவர் யாரும் இதிலிருந்து தப்பியதில்லை. சில வருடங்களுக்கு முன், வடபழனிப் பக்கம் ஒரு மண்டபம். உள்ளே ஏ.சி. குளிர் எலும்பைத் தொட்டது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாசலில் கார் வந்து நின்றது, நாதஸ்வரம் தொடங்கிவிட்டது, நான் ஓடினேன். கேமராவைக் கண்ணில் வைத்தால் ஒரே பால் வெள்ளை. துடைத்தேன், இரண்டு நொடியில் மறுபடி வெள்ளை. ஆரத்தி எடுத்து முடியும்வரை எனக்கு உருப்படியாக ஒரு படமும் கிடைக்கவில்லை. மணப்பெண்ணின் அத்தை கைபேசியில் எடுத்த படத்தைத்தான் ஆல்பத்தில் வைத்தோம்.

கணக்கு எளிது. மண்டபத்தில் 22 டிகிரியில் இரண்டு மணி நேரம் இருந்த கேமராவும் 22 டிகிரிதான். வெளியே 33 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். அந்தக் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 28 டிகிரி. அதாவது, 28-க்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின்மேலும் தண்ணீர் படியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பதைப் போல. கேமரா 28 டிகிரிக்குச் சூடேறும்வரை எத்தனை முறை துடைத்தாலும் படிந்துகொண்டேதான் இருக்கும். துடைக்கத் துடைக்க உப்பும் தூசியும் கண்ணாடியில் தேய்வது மட்டுமே மிச்சம்.

இப்படி ஆகிவிட்டால் லென்ஸைக் கழற்றாதீர்கள். வெளியே மட்டும் இருந்த ஈரம் அப்போது உள்ளே இருக்கும் கண்ணாடிக்கும் சென்சாருக்கும் போய்விடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் அப்படியே வையுங்கள். இருபது நிமிடம், தூரத்தில் இருப்பதை எடுக்கும் பெரிய டெலி லென்ஸ் என்றால் அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். சூடான காற்றோ ஹேர் டிரையரோ வேண்டாம்.

வராமல் தடுப்பதுதான் நல்ல வழி. வெளியே போவதற்கு முன், உள்ளே குளிரிலேயே கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடி, பைக்குள் வைத்து எடுத்துப் போங்கள். ஈரம் கவரின் வெளிப்பக்கத்தில் படியும், கேமராவில் அல்ல. இப்போது இரண்டு பாடியோடு போகிறவர்கள் ஒன்றை ஏ.சி. இல்லாத வராந்தாவிலேயே, நம்பிக்கையான ஆளிடம் விட்டுவைக்கிறார்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். காரில் போகிறீர்கள் என்றால் இறங்குவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே ஏ.சி.யை நிறுத்திக் கண்ணாடியை இறக்குங்கள். பள்ளிக்கரணைக்கோ பழவேற்காட்டுக்கோ விடியலில் போகும்போது இதைச் செய்யாவிட்டால், பறவைகள் எழும்பும் நேரம் முழுவதும் மூட்டத்திலேயே போய்விடும்.

லென்ஸின் உள்ளே மூட்டம் தங்கி, இரண்டு மணி நேரம் கழித்தும் போகவில்லை என்றால், ஈரத்தை உறிஞ்சும் புதிய சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் போய்விடும். போகாவிட்டால் அது மூட்டமில்லை, அடுத்த பகுதியைப் படியுங்கள்.

லென்ஸுக்குள் சிலந்தி நூல்

ஃபங்கஸ். இதைப் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம், ஏனென்றால் இது பெரும்பாலும் அன்பால் வருகிறது. ‘விலை உயர்ந்த பொருள், பத்திரமாக இருக்கட்டும்’ என்று தோல் உறையில் போட்டு, பீரோவுக்குள் பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். இருட்டு, காற்றோட்டமில்லை, உறையே ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு அடைமழை போதும். என் மாமனார் ஒரு 50 மி.மீ. லென்ஸை நாலு வருடம் அப்படிக் காத்தார். எடுத்துப் பார்த்தபோது கண்ணாடி முழுவதும் வெள்ளை வேர்.

கண்டுபிடிக்க: லென்ஸைக் கழற்றி, அபெர்ச்சரை முழுவதும் திறந்து, இருட்டறையில் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்வாகப் பாருங்கள். தனித்தனிப் புள்ளிகள் என்றால் தூசி. உள்ளே கொஞ்சம் தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. கிளை கிளையாகப் பிரியும் மெல்லிய நூல் என்றால் ஃபங்கஸ். சீராகப் பால் தெளித்ததுபோல இருந்தால், உள்ளே உள்ள எண்ணெய்ப் பசையின் ஆவி படிந்த மங்கல். ஓரத்தில் வானவில் நிறத்தில் திட்டு இருந்தால், ஒட்டப்பட்ட இரண்டு கண்ணாடிகள் பிரியத் தொடங்கியிருக்கின்றன.

நூல் வெளிக்கண்ணாடியில் இருந்தால் உங்களாலேயே முடியும்: ப்ளோயர், பிரஷ், பிறகு துணியில் ஒரு சொட்டு லென்ஸ் திரவம், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாக. திரவத்தை நேராகக் கண்ணாடியில் விடாதீர்கள், ஓரத்தின் வழியே உள்ளே இறங்கும். உள்கண்ணாடியில் என்றால் மெக்கானிக்கிடம்தான். சீக்கிரம் போங்கள். ஃபங்கஸ் சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரிக்கும். அரித்துவிட்டால் நூலைத் துடைத்தபிறகும் தடம் நிற்கும். வெயிலில் வைத்தால் சரியாகும் என்பார்கள். புற ஊதாக் கதிர் வளர்ச்சியை ஓரளவு தடுக்கலாம், வளர்ந்ததைப் போக்காது. கேமராவோடு சேர்ந்து வரும் சாதாரண கிட் லென்ஸ் என்றால் பிரித்துச் சுத்தம் செய்யும் கூலியைக் கேட்டபிறகு முடிவு செய்யுங்கள். அதே பணத்துக்குப் பழைய லென்ஸ் ஒன்று நல்ல நிலையில் கிடைக்கக்கூடும்.

எங்கே, எப்படி வைப்பது

ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஃபங்கஸுக்குக் கொண்டாட்டம். சென்னையில் மழைக்காலத்தில் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். கேமராவுக்கு நல்லது 40 முதல் 50. ஒரேயடியாக 30-க்குக் கீழே போனால் ரப்பரும் உள்ளிருக்கும் பசையும் காய்ந்துபோகும்.

பணம் இருந்தால், உள்ளே ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கும் ட்ரை கேபினட் அலமாரி. மின்சாரத்தில் ஓடும், செலவு மிகக் குறைவு, முள்ளை 45-இல் வைத்துவிட்டு மறந்துவிடலாம். இல்லையென்றால், ஓரத்தில் ரப்பர் வளையம் உள்ள, அழுத்தி மூடும் சமையலறை டப்பா போதும். பதினைந்து வருடம் நான் அதில்தான் வைத்தேன். உள்ளே ஈரப்பதம் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்றும் சிலிக்கா ஜெல்லும். நீல நிற ஜெல் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். ஆரஞ்சு நிறம் பச்சையாகும். நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் பழையபடி வேலை செய்யும். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நஞ்சு. சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்கவே கூடாது, குழந்தைகள் கையில் படவும் கூடாது. வாங்கும்போதே ஆரஞ்சு வாங்கிவிடுங்கள்.

ஜெல்லை மாற்றாமல் டப்பாவை மூடி வைப்பது, ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதற்குச் சமம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை முள்ளைப் பாருங்கள். மழையில் போய் வந்த கேமராவை நேராக டப்பாவில் போடாதீர்கள், ஒரு இரவு ஃபேன் காற்றில் இருக்கட்டும். பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும், சில பிளாஸ்டிக்குகளையும் கெடுக்கும்.

டப்பாவைத் தரையோடு உள்ள தட்டில் வைக்காதீர்கள். சைதாப்பேட்டையில் தரைத்தளத்தில் இருந்த நண்பர் ஒருவர் எல்லா லென்ஸையும் ஒழுங்காக ட்ரை கேபினட்டில்தான் வைத்திருந்தார். கேபினட் தரையில் இருந்தது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் இரவோடு இரவாக வீட்டுக்குள் வந்துவிட்டது. இப்போது அவருடையதும் என்னுடையதும் தலைக்கு மேல் உயரத்தில் இருக்கின்றன.

இன்னொன்று. வாரம் ஒரு நாளாவது கேமராவை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். வெளிச்சமும் காற்றும் பட்டுக்கொண்டிருக்கும் லென்ஸில் ஃபங்கஸ் எளிதில் வருவதில்லை.

கடற்கரைக்குப் போய்வந்தபின் படங்கள் சோகையாக இருக்கின்றன

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் எடுக்கப் போனால், பத்து மணிக்குள் லென்ஸின்மேல் மெல்லிய உப்புப் படலம் வந்துவிடும். நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்த்துப் பார்த்தால் எண்ணெய்போல மினுங்கும். வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த படங்கள் வெளுத்துப்போகும்.

உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பரல்கள் கீறும். முதலில் ப்ளோயர். பிறகு துணியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து ஒற்றி எடுங்கள், உப்பு கரைந்து வரும். அப்புறம் லென்ஸ் திரவம். போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைக் கறை நிற்கும். குடிக்கும் கேன் தண்ணீர் போதும். பாடியையும் அதே ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை. ட்ரைபாட் காலை மறக்காதீர்கள். குழாயடியில் நிறுத்தி ஒவ்வொரு பகுதியாக இழுத்துக் கழுவிக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் பூட்டுகள் திறக்காது.

ஜூம் வளையத்தைத் திருப்பும்போது நறநறவென்று சத்தம் கேட்டால் மணல். அங்கேயே நிறுத்துங்கள். ‘இரண்டு தடவை திருப்பினால் சரியாகிவிடும்’ என்பது உள்ளே உள்ள பள்ளத்தை அரைத்துவிடும். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து இடுக்குகளில் ப்ளோயர் அடித்து, பிரஷ்ஷால் தட்டிப் பாருங்கள். சத்தம் நிற்காவிட்டால் மெக்கானிக்.

தண்ணீரில் விழுந்துவிட்டது

பவர் பட்டனைத் தொடாதீர்கள். ‘வேலை செய்கிறதா’ என்று பார்க்கத் தோன்றும், அந்த ஒரு அழுத்தலில்தான் பலகை எரிகிறது. பேட்டரியை எடுங்கள், கார்டை எடுங்கள், லென்ஸைக் கழற்றுங்கள், எல்லா மூடிகளையும் திறந்து ஒற்றி எடுங்கள். மழைத் தண்ணீர் என்றால் காற்றோட்டத்தில் வைத்து, பிறகு சிலிக்கா ஜெல்லோடு மூன்று நாள். கடல் தண்ணீர் என்றால் காத்திருக்க நேரமில்லை, அன்றைக்கே சர்வீஸ் சென்டர், போய்ச் சேர்ந்ததும் ‘உப்புத் தண்ணீர்’ என்று முதலில் சொல்லுங்கள்.

அரிசிப் பானையில் புதைப்பது நம் வீடுகளில் ஊறிய வைத்தியம். அரிசி அவ்வளவாக ஈரத்தை இழுக்காது, அதன் மாவுத் தூசிதான் இடுக்குகளில் போகும். வீட்டில் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்கவும் வேண்டாம். ஃபிளாஷ் உள்ள கேமராவின் கப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும், பேட்டரியை எடுத்தபிறகும். அது ஆளைத் தூக்கி எறியும்.

திருநீறு, குங்குமம், வண்ணப்பொடி

மயிலாப்பூர் அறுபத்துமூவரில் மாட வீதியில் நின்றால் திருநீறு, கற்பூரப் புகை, மேலிருந்து தெளிக்கும் தண்ணீர் எல்லாம் ஒன்றாகக் கேமராமேல் வரும். பொடி காய்ந்திருக்கும்வரை ஊதினால் போய்விடும். ஈரத்துணி வைத்தால் சேறாகி இடுக்குகளில் இறங்கும். எனவே இங்கே வரிசை முக்கியம்: ஊதுதல், பிரஷ், அதன்பிறகே ஈரம். குங்குமத்தில் எண்ணெய்ப்பசை இருந்தால் ரப்பர் பிடியில் கறை நிற்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் போகும், எழுத்து அச்சிட்ட இடங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சவுகார்பேட்டையில் ஹோலி எடுக்கப் போகிறவர்கள் லென்ஸுக்கு ஒரு ஃபில்டர் போட்டு, பாடியைப் பிளாஸ்டிக் கவரால் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். அங்கே லென்ஸ் மாற்றுவது கூடவே கூடாது.

சின்னச் சின்ன அடையாளங்கள்

கேனானில் ‘எர்ர் 01’ வந்தால் லென்ஸும் பாடியும் பேசிக்கொள்ளவில்லை என்று பொருள். இரண்டிலும் உள்ள தங்க நிறப் புள்ளிகளை உலர்ந்த மைக்ரோஃபைபரால் மெதுவாகத் துடைத்து மாட்டுங்கள், அநேகமாகத் தீரும். பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொல்வார்கள், வேண்டாம், தூளும் உதிரும், பூச்சும் தேயும். நிக்கானில் பழைய லென்ஸ் மாட்டியதும் ‘எஃப், இ, இ’ என்று மூன்று எழுத்து வந்தால் அது கோளாறே அல்ல. லென்ஸில் உள்ள அபெர்ச்சர் வளையத்தைக் கடைசிப் பெரிய எண்ணுக்குத் திருப்பிப் பூட்டுங்கள்.

ஒவ்வொரு முறையும் தேதி கேட்டால் உள்ளே உள்ள சின்னக் கடிகார பேட்டரி காலி. முழு சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டு இரண்டு நாள் கேமராவிலேயே விட்டுவைத்தால் பல மாடல்களில் தானாக ஏறிவிடும். சில பழைய மாடல்களில் காசு வடிவ பேட்டரி, அதை மாற்ற வேண்டும்.

பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், கேமராவுக்குள் திணிக்கவும் வேண்டாம். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். பல மாதம் பயன்படுத்தப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வெளியே எடுத்து வையுங்கள். கத்திரி வெயிலில் காருக்குள் விட்டுப் போகவே கூடாது. பெரும்பாலான கேமராக்கள் 0 முதல் 40 டிகிரிக்குள் வேலை செய்யும்படி செய்யப்பட்டவை, மூடிய காருக்குள் சூடு 60-ஐத் தொடும்.

கார்டு பூட்டப்பட்டிருக்கிறது என்று வந்தால் எஸ்.டி. கார்டின் இடப்பக்கச் சின்ன நெம்புகோலைப் பாருங்கள், செருகும்போது நகர்ந்திருக்கும். படங்கள் அழிந்துவிட்டால் அந்தக் கார்டில் அதற்குமேல் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டு மீட்டுப் பாருங்கள், வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். என் அண்ணன் பெண்ணின் காதுகுத்துப் படங்கள் முழுவதும் அப்படித்தான் திரும்பக் கிடைத்தன.

இருட்டில் எடுத்த படங்களில் சிவப்பு, நீலம், பச்சை என்று கூர்மையான புள்ளிகள் ஒரே இடத்தில் தெரிந்தால் அது தூசி இல்லை, சென்சாரின் கோளாறான புள்ளி, ‘ஹாட் பிக்சல்’ என்பார்கள். சில கேமராக்களில் அந்தப் புள்ளியை ஒதுக்கிவிடும் பிக்சல் மேப்பிங் வசதி உண்டு, இல்லாவிட்டால் சர்வீஸில் செய்துகொடுப்பார்கள். ஆனால் ரிசப்ஷன் மேடைக்குப்பின் திடீரென்று ஒரு வெளிச்சக் கோடோ, புள்ளிக் கூட்டமோ வந்திருந்தால் லேசர் விளக்கு சென்சாரைச் சுட்டிருக்கிறது. அதற்கு வைத்தியம் இல்லை, சென்சாரை மாற்றுவதுதான். மேடையில் லேசர் சுழன்றால் கேமராவைத் திருப்பிக்கொள்ளுங்கள், விளக்குக்காரரிடம் கூட்டத்தின் பக்கம் அடிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். மிரர்லெஸ்ஸை மூடி போடாமல் மொட்டை மாடியில் வானத்தைப் பார்க்க வைப்பதும் இதே வகைதான். லென்ஸ் பூதக்கண்ணாடியாகச் சூரியனைக் குவித்து ஷட்டரைப் பொசுக்கும்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது

ரிச்சி தெரு, அண்ணா சாலைப் பக்கம் கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் எஃப் 22 சோதனைப் படம் ஒன்றையும், டார்ச் அடித்து எடுத்த லென்ஸ் படம் ஒன்றையும் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வாங்கும்போது கடையிலேயே அதே இரண்டையும் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். எனக்கு ஒரு கடையில் சுத்தம் செய்து வந்த சென்சாரில் ஓரம் முழுவதும் திரவத் தடம் இருந்தது. வீட்டுக்கு வந்தபின் பார்த்ததால் வாக்குவாதம்தான் மிஞ்சியது. ரசீதில் பாடியின் எண்ணோடு லென்ஸின் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பேட்டரியையும் கார்டையும் எடுத்துக்கொண்டு, கழுவிய மூடிகளைப் போட்டுக் கொடுங்கள்.